திலரான் வழியில் ஒரு வேலி

மத்திய அமெரிக்காவில் இருக்கிற கோஸ்டா ரிக்கா போய் வந்ததிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "எந்த இடம் ரொம்ப நல்லா இருந்துச்சு?" அரேனால் எரிமலை என்றோ மொந்தேவெர்தே மேகக்காடு என்றோ சொன்னால் பேச்சு சுலபமாக முடிந்துவிடும். என் வாயில் வருவது வேறு. "லா ஃபோர்த்தூனாவிலிருந்து திலரானுக்குப் போகிற ரோடு" என்கிறேன். அதில் என்ன இருக்கிறது என்று திருப்பிக் கேட்டால், மேய்ச்சல் நிலமும் வேலியும் இருக்கிறது என்கிறேன். அத்தனை பணம் செலவு செய்து உலகத்தின் மறுபக்கம் வரைக்கும் போய் மாட்டுக்காட்டு வேலியையா பார்த்தாய் என்று அக்கா கேட்டார். ஆமாம், அதைத்தான் பார்த்தேன். அது ஏன் இன்னும் மனதை விட்டு இறங்கவில்லை என்பதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

வண்டி ஓட்டியது என் மனைவியின் தம்பி. டெக்சாஸில் கட்டட வேலைகளுக்கு மேற்பார்வையாளன். கூட வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் மெக்சிகோ, ஹோண்டுராஸ்காரர்கள் என்பதால் ஸ்பானிஷ் சரளமாக வரும். பயணத் திட்டம் முழுக்க அவன் போட்டது. சான் ஹோசேயில் வண்டி எடுத்து, சரபிக்கி வழியாக லா ஃபோர்த்தூனா, அங்கிருந்து அரேனால் ஏரியைச் சுற்றித் திலரான், மலையேறி மொந்தேவெர்தே, பிறகு பசிபிக் பக்கம் இறங்கி, தார்க்கோலெஸ் ஆற்றுப் பாலத்தில் நின்று முதலைகளைப் பார்த்துவிட்டு மறுபடி சான் ஹோசே. நாடே மொத்தம் 51,100 சதுர கிலோமீட்டர்தான், தமிழ்நாட்டில் பாதிகூட இல்லை. ஆனால் மலையும் வளைவும் ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய பாலங்களுமாக, கொஞ்ச தூரத்துக்கே மணிக்கணக்கில் ஆகிவிடும். அந்த நேரத்தை எப்படிக் குறைப்பது என்பதே அவன் கவலை. எனக்கு ஜன்னலோரம் கிடைத்ததே போதும் என்றிருந்தது.

விலாசம் சொல்கிற முறையே எனக்குப் பிடித்துப்போனது. தெருப்பெயர், கதவு எண் என்கிற பழக்கம் அங்கே அதிகம் இல்லை. தேவாலயத்திலிருந்து வடக்கே 200 மீட்டர், பள்ளிக்கூடத்துக்குக் கிழக்கே 50 மீட்டர் என்றுதான் சொல்வார்கள். சான் ஹோசேயை ஒட்டிய சான் பெத்ரோவில் ஒரு பழைய அத்திமரத்தை வைத்து வழி சொல்கிறார்கள். மரம் போய் வருடக்கணக்காகிறது, விலாசம் மட்டும் நிற்கிறது. மூடிய டாக்கீஸின் பெயரில் இன்றைக்கும் பஸ் நிற்கிற ஊர்க்காரனுக்கு இதில் ஒரு குழப்பமும் வராது.

தலைநகரை விட்டு 32ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் பிராவ்லியோ கர்ரீயோ தேசியப் பூங்கா. கரீபியன் கரைக்கு இந்த மலை வழியாக ரோடு வரப்போகிறது என்றதும், ரோட்டின் பின்னாலேயே மரம் வெட்டுகிறவர்களும் வந்துவிடுவார்கள் என்று பயந்து 1978இல் இதைப் பூங்காவாக அறிவித்தார்கள். ரோடு திறந்தது 1987இல். காட்டை முதலில் பத்திரப்படுத்திவிட்டு அப்புறம் ரோடு போட்ட கதையை நான் வேறெங்கும் அதிகம் கேட்டதில்லை. சரிவு முழுக்க, ஒரு ஆள் நனையாமல் ஒதுங்கி நிற்கலாம் என்கிற அளவுக்கு அகன்ற இலைகள். மலை இறங்கிச் சமவெளிக்கு வந்ததும் காட்சி மாறியது. கண்ணுக்கெட்டிய தூரம் அன்னாசி. ஃபிரெஷ் அன்னாசி ஏற்றுமதியில் உலகத்திலேயே முதலிடம் இந்த நாட்டுக்குத்தான். வரப்பில் ஒரு மரம் இல்லை, நிழல் இல்லை, ஒரு குருவியைக்கூடப் பார்க்கவில்லை. கரீபியன் பக்கம் சிக்கிர்ரெஸ் வட்டாரத்தில் அன்னாசித் தோட்டத்துக் களைக்கொல்லி குடிநீரில் இறங்கி, சில கிராமங்களுக்குப் பல வருடங்கள் லாரியில் தண்ணீர் கொண்டுபோக வேண்டியிருந்தது. பச்சை நாடு என்று உலகமே புகழ்கிற ஒரு தேசத்துக்குள் இதுவும் இருக்கிறது. இதை விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

லா ஃபோர்த்தூனாவைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அரேனால் எரிமலை 1968 ஜூலை 29 அன்று வெடித்துப் பக்கத்துக் கிராமங்களை அழித்தது. 2010 வரைக்கும் இரவில் நெருப்புக் குழம்பு வழிவதைப் பார்க்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இப்போது அமைதியாக இருக்கிறது. நாங்கள் இருந்தபோது உச்சியில் மேகம் விலகவே இல்லை. சரி, வெந்நீர் ஊற்றில் குளித்தோம், சோடா என்று அவர்கள் சொல்கிற சின்னச் சாப்பாட்டுக் கடையில் சோறும் கறுப்பு பீன்ஸும் கலந்து வதக்கிய காயோ பிந்தோ சாப்பிட்டோம், கிளம்பினோம்.

திமில் வைத்த மாடுகள்

ஏரியின் வடகரையை ஒட்டிப் போகிறது 142ஆம் எண் ரோடு. 1979இல் மின்சாரத்துக்காக அணை கட்டிப் பெருக்கிய ஏரி அது. பழைய அரேனால் என்ற ஊர் அந்தத் தண்ணீருக்கடியில் இருக்கிறது, சனங்களை மேட்டில் கொண்டுபோய்க் குடிவைத்த ஊர்தான் இப்போதைய நுவேவோ அரேனால். அதுவரைக்கும் ரோட்டின் இரண்டு பக்கமும் ஈரக்காடு. அதைத் தாண்டி மேற்கே போகப் போக மரங்கள் விலகின, காற்று வண்டியைத் தள்ள ஆரம்பித்தது, மேடுகளின் மேல் காற்றாலைகள் தெரிந்தன. லத்தீன் அமெரிக்காவின் ஆரம்பகாலக் காற்றாலைகள் சில இந்தத் திலரான் மேடுகளில்தான் நிற்கின்றன. மார்ச் கடைசி, புல் காய்ந்து வெளுத்திருந்தது. அந்தப் புல்லில் திமில் வைத்த வெள்ளை மாடுகள். பிராமன் என்கிற இனம், நம் ஓங்கோல், கிர், காங்க்ரேஜ் மாடுகளின் ரத்தத்திலிருந்து அமெரிக்காவில் உருவாக்கியது, அங்கிருந்து வெப்பநாடுகளுக்கெல்லாம் பரவியது.

எனக்குச் சொந்த ஊர் தாராபுரத்துக்கும் காங்கேயத்துக்கும் நடுவில். காற்றாலை, வெளுத்த புல், திமில் மாடு என்று வரிசையாக வந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்போதுதான் வேலி கண்ணில் பட்டது. கல்லுக்கால் இல்லை, இரும்புக்கால் இல்லை. மேடு ஏறி, பள்ளம் இறங்கி, ஓடையைக் கடந்து, வரிசையாக உயிருள்ள மரங்கள். செம்பு நிறத்தில் அடிமரம், தலையை வெட்டிவிட்ட மொட்டை உச்சி, அதிலிருந்து துளிர்.

"மாப்ள, வண்டிய ஓரங்கட்டு."

"இங்க என்ன இருக்குதுங்க மாமா? மூணு மணிக்குள்ள மலையேறணும்."

"கட்டு, சொல்றேன்."

இறங்கி வேலிக்குப் பக்கத்தில் போனேன். மரத்தின் பட்டை மெல்லிய காகிதம்போலச் சுருண்டு உரிந்துகொண்டிருந்தது. ஒரு துண்டை விரலால் இழுத்தால் அடியில் பச்சை. இலையில்லாத வறட்சிக் காலத்தில் அந்தப் பச்சைத் தோல்தான் மரத்துக்குச் சமையல்கட்டு. முள்கம்பி ஐந்து வரிசை. கம்பி மரத்தைத் தொடுகிற இடத்தில் ஆணியைக் காணோம். வருடக்கணக்கில் பட்டை வளர்ந்து கம்பியையே உள்ளே வாங்கிக்கொண்டு இரண்டு பக்கமும் உதடு மாதிரி மூடியிருந்தது, கம்பி மரத்துக்குள்ளிருந்தே புறப்பட்டு வருவதுபோல. சின்னக் கிளை ஒன்றைக் கிள்ளி முகர்ந்தேன். பிசின் மணம். கிளுவை. எங்கள் காட்டு வேலிக் கிளுவையின் அதே குடும்பத்து மணம். ஊருக்கு வந்து தேடிப் படித்தபோது அது நிஜமாகவே ஒரே குடும்பம்தான் என்று தெரிந்தது. அந்த மரமும் நம் கிளுவையும், வெள்ளைப்போளம் தருகிற மரமும், குந்திரிக்கம் தருகிற மரமும் தாவரவியலில் ஒரே குடும்பத்துப் பங்காளிகள்.

பெரியவர் சொன்னது

கொஞ்சம் தள்ளி ஒரு பெரியவர் அரிவாளோடு நின்றுகொண்டிருந்தார். எழுபதைத் தாண்டியிருப்பார். எங்களைப் பார்த்ததும் வண்டி ரிப்பேரா என்று கேட்டார். இல்லை, இவர் வேலி பார்க்க இறங்கினார் என்று மாப்பிள்ளை சொன்னதும், அவருக்கு அது விசித்திரமாகவே படவில்லை. வாருங்கள் என்று கூட்டிப்போனார். மர நிழலில் போத்து, அதாவது நடுவதற்கான கிளைத்துண்டுகள், வெட்டி அடுக்கி வைத்திருந்தார், ஒவ்வொன்றும் என் உயரத்தைவிட அதிகம், முன்கைப் பருமன், அடிப்பக்கம் சாய்வாகச் சீவியது. வெட்டியதும் நட்டுவிடக் கூடாதாம். சில நாள் நிழலில் நிற்க வைத்து, மே மாத மழைக்குச் சற்று முன்னால் நட வேண்டும். வேர் பிடித்த பிறகுதான் கம்பி அடிக்க வேண்டும்.

"எப்போ வெட்டுவார்னு கேளு. தேய்பிறையிலயா?"

மாப்பிள்ளை கேட்டான். பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆமாம், தேய்பிறையில்தான், வளர்பிறையில் வெட்டினால் பிழைக்காது, உங்கள் ஊரிலும் அப்படியா என்று கேட்டார். எங்கள் ஊரிலும் மரம், மூங்கில் எல்லாம் தேய்பிறையில் வெட்டினால்தான் பூச்சி அரிக்காது என்பார்கள் என்றேன். அதற்குப் பிறகு பேச்சு வேறு மாதிரி ஆகிவிட்டது. மாப்பிள்ளையும் மணியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டான்.

அவர் அப்பா சின்ன வயதில் மலைப்பக்கத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர். அப்போது இந்த மேடு முழுக்கக் காடு. வெட்டியவனுக்கே நிலம். மரத்தை வெட்டிப் புல் போட்டால் நிலத்தை மேம்படுத்தியதாகக் கணக்கு, அதைக் காட்டித்தான் பட்டா வாங்க முடியும். பெரிய மரங்களைக் கொண்டுபோய் விற்க ரோடு இல்லாததால் விழுந்த இடத்திலேயே கொளுத்தினார்களாம். "நானும் பையனா இருந்தப்ப கொளுத்தியிருக்கேன். பல வாரம் புகையும். அப்போ அதுதான் வேலை" என்றார். அவர் பேச்சில் வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. பிறகு பாங்கில் மாட்டுக் கடன் கொடுத்தார்கள். மாட்டிறைச்சி அமெரிக்காவுக்குப் போனது. விலை விழுந்ததும் கடன் நின்றது. மகன்கள் வேலை தேடி லிபேரியா நகரத்துக்கும் சான் ஹோசேக்கும் போனார்கள். ஓடைப்பக்கத்துச் சரிவில் மாடு விடுவதை நிறுத்தினார். அங்கே காடு தானாக வந்துவிட்டது. இப்போது அந்தக் காட்டுக்கு அரசாங்கம் பணம் கொடுக்கிறது, பெரிய தொகை இல்லை, ஆனால் வருகிறது என்றார்.

நாட்டின் வரலாறே ஏறக்குறைய அந்தக் குடும்பத்தின் வரலாறுதான். 1940களில் நிலத்தில் முக்கால்வாசி காடு. 1980களின் நடுவில் அது கால்வாசி அளவுக்குச் சுருங்கிவிட்டது. இன்றைக்கு மறுபடி பாதிக்கு மேல். 1996இல் வந்த வனச் சட்டம், இருக்கிற காட்டை அழித்து வேறு எதுவாகவும் மாற்றக் கூடாது என்று தடை போட்டது. அடுத்த வருடமே, காட்டை வைத்திருக்கிற நிலக்காரர்களுக்குப் பணம் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. தண்ணீரைப் பிடித்து வைப்பதும், காற்றிலிருக்கிற கரியமிலவாயுவைப் பிடித்து வைப்பதும், உயிர்களுக்கு இடம் கொடுப்பதும் ஒரு வேலை, வேலைக்குக் கூலி உண்டு என்பதுதான் அதன் கணக்கு. அதற்கான பணத்தில் பெரும்பகுதி பெட்ரோல், டீசல் வரியிலிருந்து வருகிறது. வரி வருமானத்தில் 3.5 சதவீதம் அதற்கென்று ஒதுக்கப்படுகிறது. நாங்கள் லா ஃபோர்த்தூனாவில் போட்ட பெட்ரோலிலும் ஒரு துளி அந்த ஓடைச் சரிவுக்குப் போயிருக்கும்.

சுற்றுலாதான் அந்த நாட்டுக் காட்டைக் காப்பாற்றியது என்று எல்லாரும் சொல்கிறார்கள். அந்த வேலியோரம் நின்றதிலிருந்து அதை நான் நம்பவில்லை. காடு திரும்ப ஆரம்பித்தபோது சுற்றுலா இன்னும் பெரிதாக வரவில்லை. மாட்டுக் கடன் நின்றது முதலில். சட்டம், கூலி, சுற்றுலா எல்லாம் அதற்குப் பின்னால். பார்க்க வருகிறவர்கள் கொடுக்கிற காசு நல்லதுதான். அதைவிட, மேய்க்கிறவர் மனது வைத்தது பெரிது.

பறவை எல்லையைப் பார்ப்பதில்லை

திலரானிலிருந்து மொந்தேவெர்தேக்குப் போகிற வழி நாங்கள் போனபோது பெரும்பாலும் கப்பி ரோடுதான். எலும்பு கழன்றுவிடும். மாலை சாய்ந்துதான் சேர்ந்தோம். மொந்தேவெர்தே எப்படி உண்டானது என்பது பலருக்குத் தெரிந்திருக்கும்: கட்டாய ராணுவச் சேவையை மறுத்து 1949இல் ஜெயிலுக்குப் போன குவேக்கர் கிறித்தவர்களும் அவர்களோடு சேர்ந்த குடும்பங்களும் அமெரிக்காவின் அலபாமாவை விட்டு, ராணுவத்தையே கலைத்துவிட்ட ஒரு நாட்டைத் தேடி 1951இல் இங்கே வந்தார்கள். கோஸ்டா ரிக்கா 1948 டிசம்பரில் ராணுவத்தைக் கலைத்திருந்தது. வந்தவர்கள் மாடு வைத்துச் சீஸ் செய்தார்கள். தங்கள் ஓடைக்குத் தண்ணீர் வருகிற மேல்காட்டை மட்டும் வெட்டாமல் விட்டார்கள். 1972இல் உருவான மேகக்காட்டுச் சரணாலயத்துக்கு அந்த ஒதுக்கிவைத்த காடு ஒரு முக்கியமான கரு.

அங்கே வழிகாட்டியாக வந்த இளைஞரிடம் நான் கேட்டதெல்லாம் கெட்சால் பறவையைப் பற்றி. அதைப் பார்க்கத்தான் உலகம் முழுவதிலிருந்தும் வருகிறார்கள். பச்சையும் சிவப்புமாக, நீண்ட வால் தோகையோடு அன்றைக்குக் காலையில் ஒரு ஆண் பறவை காட்டுச் சிற்றவகாடோ பழத்தை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அப்படிப்பட்ட பறவை சரணாலயத்துக்குள்ளேயே இருப்பதில்லை என்று அவர் சொன்னதுதான் எனக்குப் புதிது. ரேடியோ கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது தெரியவந்ததாம்: குஞ்சு பொரித்து முடிந்ததும் அது பழம் தேடிப் பசிபிக் பக்கச் சரிவில் இறங்குகிறது, பண்ணைகளுக்கு நடுவே மிச்சம் இருக்கிற காட்டுத் துண்டுகளில் மாதக்கணக்கில் தங்குகிறது. வெறும் மேய்ச்சல் வெளியில் அந்தத் துண்டுகள் தீவுகளாக நின்றால் பல பறவைகளுக்கு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவதே பாடு. அதனால்தான் அந்த வட்டாரத்துப் பால்பண்ணைக்காரர்கள் மாட்டுக்கும் புல்லுக்கும் காற்றுத் தடுப்பாக வரிசை வரிசையாக மரம் நட்டபோது, அந்த வரிசைகள் பறவைகளுக்கும் வழியாயின. பறவை உட்கார்ந்த இடத்தில் எச்சத்தோடு விதை விழுகிறது, வரிசைக்கடியில் காட்டுமரக் கன்று முளைக்கிறது. கேட்டுக்கொண்டிருந்தபோதே எனக்குத் திலரான் வேலி நினைவில் நின்றது. சரணாலயத்தின் கேட்டில் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற பறவையை வருடத்தில் சில மாதங்கள் வைத்துக் காப்பாற்றுவது டிக்கெட் இல்லாத அந்த மேய்ச்சல் காடுகள்.

காடு என்றால் கம்பி போட்ட ஒரு எல்லைக்குள் இருப்பது என்றே நமக்குப் பழகிவிட்டது. ஆனைமலையில் புலி இருக்கிறது, அது வனத்துறை வேலை, நம் வயல் நம் வேலை. வயலுக்கும் காட்டுக்கும் நடுவில் இருப்பதற்கு யாரும் பொறுப்பில்லை. கொங்கு நாட்டில் கொறங்காடு என்பது அந்த நடுவில் இருப்பதுதான். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் உள்ள மேய்ச்சல் நிலம், சுற்றிலும் முள்கிளுவை வேலி. அந்த நிலத்தைத் துண்டுதுண்டாக வேலி போட்டுப் பிரித்து, காங்கேயம் மாட்டை ஒன்று மாற்றி ஒன்றில் மேய விடுவார்கள். எனக்கு விவரம் தெரிந்து எங்கள் வேலியில் கௌதாரி முட்டையிட்டது, உடும்பு ஒளிந்தது, கீரி குட்டி போட்டது. அதையெல்லாம் பார்க்க யாரும் பஸ் பிடித்து வந்ததில்லை. இப்போது ஒரு பக்கம் வீட்டுமனை, இன்னொரு பக்கம் சோலார் தகடு. ஜேசிபி வந்தால் அரை நாளில் ஒரு காட்டின் வேலி முழுக்கப் போய்விடுகிறது.

"அது சின்ன நாடு, ராணுவச் செலவு இல்லை, அவர்களால் முடியும்" என்று இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது. எனக்கு அது பதிலாகப் படவில்லை. அந்தப் பெரியவர் வேலி நட்டது எந்தத் திட்டத்துக்காகவும் இல்லை. போத்து இனாம், மரம் அழுகாது, கோடையில் வெட்டிவிட்டால் மாட்டுக்குத் தழை, அடுத்த வேலிக்குப் போத்து. எங்கள் தாத்தா கிளுவை நட்டதும் இதே கணக்கில்தான். அங்கே அரசாங்கம் செய்தது, அந்தக் கணக்கு தோற்றுப்போகிற நேரத்தில் ஒரு கை கொடுத்தது. காட்டுக்கு மட்டுமில்லாமல், விவசாய நிலத்தில் நடுகிற மரங்களுக்கும் எண்ணிப் பணம் கொடுக்கிற பிரிவு அந்தத் திட்டத்தில் இருக்கிறது. கிளுவை வேலி வைத்திருக்கிற கொறங்காட்டுக்காரருக்கு மீட்டர் கணக்கில் ஒரு தொகை என்று இங்கேயும் கொடுக்கலாம். அளப்பதும் சுலபம், டேப் பிடித்தால் போதும்.

ஊருக்குப் போனபோது சித்தப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் கல்லுக்காலுக்கும் முள்கம்பிக்கும் எஸ்டிமேட் வாங்கி வைத்திருந்தார். போட்டோவைப் பெரிதாக்கி, மரம் கம்பியை விழுங்கியிருந்த இடத்தை நெடுநேரம் பார்த்தார்.

"மரம் நல்லாத்தான் இருக்குது. கிளுவை வேலிய வருசா வருசம் கவாத்து பண்ணிக் கட்ட ஆள் எங்கடா? அந்த ஊர்ல இருக்கறாங்களா?"

அந்த ஊரிலும் இல்லை, அந்தப் பெரியவரின் மகன்களும் ஊரில் இல்லை என்றேன். உண்மையை மறைக்க முடியாது. கடைசியில் தென்புற வேலியை மட்டும் கல்லுக்கால் போடாமல் விடுவது, விட்டுப்போன இடங்களில் கிளுவைப் போத்து நடுவது என்று ஒத்துக்கொண்டார். போத்து வெட்டத் தெரிந்த ஒருவர் மூலனூர்ப் பக்கம் இருக்கிறாராம், மழைக்கு முன்னால் தேய்பிறையில் வரச்சொல்லிப் பேசியிருக்கிறது. கிழக்குப்புறம் கல்லுக்கால்தான் என்பதில் சித்தப்பா இன்னும் பிடியை விடவில்லை. வாராவாரம் போனில் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.